டோனல் போட்ட கோல்

ஃபின்டன் டூஹி பால் நிலையத்தில் கேன் தூக்குகிறவன். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பான். மட்டையைக் கையில் கொடுத்தால் வேறு ஆள். அயர்லாந்தில் எங்கள் வட்டாரத்தில், மட்டையால் பந்தடிக்கும் எங்கள் ஹர்லிங் ஆடியவர்களில் அவனுக்கு ஈடு யாரும் கிடையாது. மறுப்பவன் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

1957-இல் எங்கள் ஊர் முதல்முறையாக இறுதிப் போட்டிக்குப் போனது. அதற்கு மூன்று வாரம் முன்னால் லிமெரிக்கில் அக்கா வீட்டுக்குப் போன ஃபின்டன், அக்கா புருஷன் கூப்பிட்டான் என்று இங்கிலீஷ்காரன் கால்பந்தைப் பார்த்துத் தொலைத்தான். ஐரிஷ் ஆட்டங்களை நடத்தும் எங்கள் சங்கத்தில் அன்று அந்த அந்நிய ஆட்டத்தை ஆடவும் கூடாது, பார்க்கவும் கூடாது. வேவு பார்க்கவே ஆள் வைத்திருந்தார்கள். அவனை ஆறு மாதம் நீக்கிவிட்டார்கள்.

கிளப் செயலாளர் நான். "உன் தம்பி டோனல் பேர்ல இறங்குடா. அவன் பர்மிங்ஹாம்ல செங்கல் தூக்கிட்டிருக்கான், யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன். இறங்கினான். கடைசி நிமிடத்தில் அவன் போட்ட கோலில் ஜெயித்தோம். பேப்பரில் டோனல் பெயர் வந்தது. பதக்கமும் அந்தப் பெயருக்கே. ஊருக்கெல்லாம் விஷயம் தெரியும். கோப்பை போய்விடுமே என்று ஒருவரும் மூச்சு விடவில்லை.

1971-இல் அந்தத் தடையை எடுத்தார்கள். மறுநாளே ஃபின்டன் என் கடைக்கு வந்தான்.

"இப்பவாவது பதிவேட்டுல என் பேரைப் போடு, ஜார்லத்."

"போட்டா எதிராளி சும்மா இருப்பானா? கோப்பையைக் குடுன்னு வந்து நிப்பான்."

"எங்கப்பாதான் அந்த கோல் போட்டாருன்னு எம்பொண்ணு பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்கு. பொய்க்காரின்னுட்டாங்கடா."

"ஊருக்காகப் பொறுத்துக்க."

பொறுத்துக்கொண்டான். எனக்குத்தான் அன்று வெட்கமில்லை.

1982-இல் அந்த வெற்றிக்கு வெள்ளிவிழா எடுத்தோம். ஆடியவர்களைப் பெயர் சொல்லி மைதானத்துக்குள் அழைப்பது எங்கள் வழக்கம். டோனல் முந்தைய வருடம்தான் பர்மிங்ஹாமில் சாரம் சரிந்து செத்திருந்தான். ஃபின்டன் வேலிக்கு வெளியே கூட்டத்தோடு நின்றான். மைக் என் கையில் இருந்தது. ஒரு பெயரை மாற்றி வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும்? "வெற்றி கோல் அடித்த, மறைந்த டோனல் டூஹிக்கு ஒரு நிமிட மௌனம்" என்று எழுதி வைத்ததையே படித்தேன். எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். ஃபின்டனும் கழற்றினான்.

கூட்டம் கலைந்தபின் என்னிடம் வந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நல்லா வாசிச்ச, ஜார்லத்," என்றான். "எனக்கே அழுகை வந்துருச்சு."