கடைசியாகத் தொட்டவன்

அந்த வருடம் எங்கள் கல்லூரியின் கால்பந்து அணி ஓர் ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை. ஏன் ஜெயிக்கவில்லை என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். நான் சொன்னது தவறு. தவறென்று எனக்குத் தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. அதனால் ஒரு பையனின் படிப்பு போயிற்று. சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் அது எப்படி நடந்தது என்பது.

எழுபதுகளின் கடைசி. டெல்லிக்கு வந்து எனக்கு அது இரண்டாவது குளிர்காலம். புள்ளியியல் துறையில் தற்காலிக விரிவுரையாளர் வேலை. கரோல் பாகில் ஒரு பஞ்சாபிக் குடும்பத்தின் மொட்டைமாடியில், பர்சாத்தி என்று அங்கே சொல்லும் ஒற்றை அறையில், நானும் என் மனைவியும் குடியிருந்தோம். வெயில் காலத்தில் அடுப்பு, குளிர் காலத்தில் ஐஸ் பெட்டி. வேலை நிரந்தரமானால் வேறு வீடு பார்க்கலாம் என்று தினமும் பேசிக்கொள்வோம்.

எங்கள் பிரின்ஸிபால் இளமையில் விளையாட்டுக்காரர். அணி வரிசையாகத் தோற்றுக்கொண்டு வந்தது அவருக்குச் சொந்த அவமானம் போல இருந்தது. ஓர் ஆசிரியர் கூட்டத்தில், "இத்தனை படித்தவர்கள் இருக்கிறீர்கள், நாம் ஏன் தோற்கிறோம் என்று ஒருவராவது சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். அவர் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. நான்தான் கையைத் தூக்கினேன்.

ஸ்டாஃப் ரூமில் அன்று முழுக்கச் சிரிப்பு. பொருளாதாரம் நடத்தும் பஞ்சாபிக்காரர் என் தோளைத் தட்டி, "ப்ரொஃபசர் சாப், சாம்பாரில் எத்தனை பருப்பு என்றும் எண்ணிவிட்டுத்தான் சாப்பிடுவீர்களா?" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்கிற நினைப்பு சுகமாக இருந்தது.

ஆட்டம் நடக்கும் நாட்களில் கோட்டுக்கு வெளியே ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். மடியில் கட்டம் போட்ட தாள். மைதானத்தைக் கட்டங்களாகப் பிரித்திருந்தேன். நம் ஆட்கள் பந்தை இழக்கும்போதெல்லாம், எந்தக் கட்டத்தில் இழந்தார்கள், கடைசியாகப் பந்தைத் தொட்ட நம் ஆளின் பனியன் எண் என்ன என்று குறித்துக்கொள்வேன். நமக்கு எதிராக ஒரு கோல் விழுந்தால் அதற்கும் அதே விதி. எதிரணி பந்தைக் கொண்டுவரும்போது அதைக் கடைசியாகத் தொட்டவன் யாரோ, கோல் அவன் பேரில். விதி எளிமையாக இருக்க வேண்டும், இரண்டு பேர் எண்ணினாலும் ஒரே விடை வர வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

அந்தத் தாள்களை எப்படிக் கூட்டினாலும் ஒரே ஆள்தான் மேலே வந்தான். லெஃப்ட் பேக். பின்வரிசையில் இடது ஓரத்தைக் காக்க வேண்டியவன்.

அணியில் இருந்த ஒரே தமிழ்ப் பையன் அவன். அப்பா அம்மா சேலம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். அப்பா போய்விட்டார். அம்மா ஆர்.கே.புரத்து அரசாங்கக் குடியிருப்பில் நாலைந்து வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். குடியிருப்புக்குப் பின்னால் இருந்த குடிசைகளில்தான் வீடு. அங்கே பொட்டல் மைதானத்தில் அவன் ஆடியதை எங்கள் கோச் பார்த்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்குக் கொண்டுவந்திருந்தார். பி.ஏ. இரண்டாம் வருடம். அவனுக்குச் சம்பளம் கட்ட வேண்டாம், விடுதியில் இடமும் சாப்பாடும் உண்டு. ஒரே நிபந்தனை: சீசன் முடியும்வரை அணியில் ஆட வேண்டும். அணியிலிருந்து நீக்கப்பட்டால் சலுகை அந்த டெர்மோடு நின்றுவிடும்.

இந்த நிபந்தனை எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

டிசம்பர் விடுமுறையில் அறிக்கையை எழுதினேன். வரைபடம், அட்டவணை எல்லாம் வைத்து, கடைசியில் ஒரு வாக்கியம்: இந்த எண்ணுள்ள ஆட்டக்காரரை மாற்றினால் எதிரணியின் கோல்கள் கணிசமாகக் குறையும். பிரின்ஸிபால் அதைச் சைக்ளோஸ்டைல் எடுத்து எல்லாத் துறைத் தலைவர்களுக்கும் அனுப்பினார். பொருளாதாரக்காரர்கூடக் கை கொடுத்தார்.

கோச் மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார். "லட்கா அச்சா ஹை, சாப்," என்றார். "நல்ல பையன். ஓடுகிறான்."

"ஓடுவதை நான் எண்ணவில்லை," என்றேன். கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொல்லிவிட்டதாக நினைத்தேன். அவர் சல்யூட் மாதிரி ஒன்று வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அந்தப் பையன் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். குளிருக்கு யாரோ கொடுத்த பெரிய ஸ்வெட்டர், கை விரல் நுனிவரை தொங்கியது.

"சார், கோச் சாப் என்னை உக்காரச் சொல்லிட்டாரு."

"தெரியும்ப்பா."

"நான் உக்காந்துட்டா ஃபீஸ் மாஃபி போயிடும் சார். ஹாஸ்டலும் போயிடும்."

"இது என் சொந்த அபிப்பிராயம் இல்லப்பா. நம்பர் சொல்லுது."

"என்ன சொல்லுது சார்?"

தாளை எடுத்துக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான். அவன் எண் இருந்த இடமெல்லாம் நான் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தேன். தாள் முழுக்க அம்மை போட்ட மாதிரி இருந்தது.

"இவ்ளோ கல்தி பண்ணிருக்கனா நான்?" என்று கேட்டான். தப்பு என்று சொல்ல அவனுக்கு இந்திதான் முதலில் வந்தது. சண்டை போடவில்லை. தாளை மரியாதையாக மேஜையில் வைத்துவிட்டு, "ஒரு மேட்ச் மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க சார், ஜாக்கிரதையா ஆடறேன்," என்றான். என்னால் ஆவது ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

அவன் இல்லாத முதல் ஆட்டத்துக்குச் சந்தோஷமாகத்தான் போனேன். ஜனவரிக் காலை. பனிமூட்டம் புல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தது. விசில் அடித்துக் கொஞ்ச நேரத்தில் எதிரணிப் பையன் ஒருவன் நடு மைதானத்திலிருந்து பந்தை உருட்டிக்கொண்டு வந்தான். நம் ஆட்கள் அவரவர் இடத்தில் ஒழுங்காக நின்றார்கள். அவன் இரண்டு பேருக்கு நடுவே நடைப்பயிற்சி போகிறவன் போல வந்து கோல் போட்டான். பென்சிலை எடுத்தேன். கடைசியாகத் தொட்ட நம் ஆள் யார்? யாரும் தொடவில்லை. அந்த இடத்தில் ஒரு கோடு போட்டேன்.

அடுத்த கோலுக்கும் கோடு. அதற்கடுத்ததற்கும். ஆட்டம் முடிந்தபோது அந்த வரிசை முழுக்கக் கோடுகள்தான் இருந்தன. என் பக்கத்தில் நின்றிருந்த கோச் தாளை எட்டிப் பார்க்கக்கூட இல்லை. பந்துகளைப் பொறுக்கி வலைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து பழைய தாள்களை எல்லாம் கட்டில் மேல் பரப்பினேன். இத்தனை நாளும் பனியன் எண்களைத்தான் கூட்டியிருந்தேன், கட்டங்களைச் சேர்த்துப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். இடது ஓரத்துக்காரனின் எண் வலது மூலையில் இருந்தது. நடுவில் இருந்தது. கோல் கம்பத்தின் அடியில் இருந்தது. ரைட் பேக் நிற்க வேண்டிய கட்டத்தில் ரைட் பேக்கின் எண்ணைவிட அவன் எண்தான் அதிகம். யார் யாரோ விட்டுவிட்ட இடங்களுக்கெல்லாம் அவன் ஓடியிருக்கிறான். ஓடிப்போய், ஒற்றையாளாக இரண்டு மூன்று பேரை மறித்து, காலை நீட்டிப் பந்தைத் தொட்டிருக்கிறான். தொட்ட பல தடவை தடுத்தும் இருக்கிறான். தடுத்ததை நான் எண்ணவில்லை. தடுக்க முடியாமல் போனபோது மட்டும் அவன் எண் என் தாளுக்கு வந்தது. பந்தின் பக்கமே போகாதவர்கள் என் அட்டவணையில் சுத்தமாக இருந்தார்கள்.

முதல் வருட மாணவனுக்கு நான் நடத்தும் பாடம் அது. எதை எண்ணாமல் விட்டோம் என்று முதலில் கேள் என்பேன். வகுப்பில் உதாரணத்தோடு சொல்வேன்.

மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். "கட்டிலெல்லாம் காயிதமா கெடக்கு, எங்க படுக்க?" என்றாள். தாள்களை அடுக்கி எடுத்தேன்.

மறுநாள் காலை அவற்றை ஒரு ஃபைலில் வைத்துக்கொண்டு பிரின்ஸிபால் அறைக்குப் போனேன். சொல்லியிருந்தால் நிச்சயம் கேட்டிருப்பார், அவர் கெட்டவர் இல்லை. சீசனில் இன்னும் ஆட்டங்கள் பாக்கி இருந்தன, பையனை மறுபடி சேர்த்திருக்கலாம். வாசலில் பியூன் ஸ்டூலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். "சாப் காலி ஹைன், ஜாயியே," சும்மாதான் இருக்கிறார், போங்கள் என்று திரையை விலக்கிப் பிடித்தான். உள்ளே அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

அடுத்த வாரம் என் நிரந்தர வேலைக்கான நேர்முகம். அந்தக் குழுவுக்கு அவர் எழுதிய குறிப்பில் என் அறிக்கையைத்தான் புகழ்ந்திருந்தார். இது எனக்கு முன்னாலேயே தெரியும். என்னை யாரும் மிரட்டவில்லை, தடுக்கவில்லை. பியூன் திரையைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"அப்புறம் வருகிறேன்," என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

நேர்முகம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன். நேர்முகம் முடிந்தது. நியமன உத்தரவு கையில் வரட்டும் என்று தள்ளிவைத்தேன். இதற்குள் அணி மீதி ஆட்டங்களையும் தோற்றது, முன்னைவிட மோசமாக. ஏன் என்று கேட்ட பிரின்ஸிபாலிடம் எதிரணிகள் பலமானவை என்றேன். அவர் தலையசைத்தார். சீசன் முடிந்தது. டெர்மும் முடிந்தது. பையன் விடுதியைக் காலி செய்துவிட்டான் என்று யாரோ பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள்.

உத்தரவு வந்து சில நாட்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் எங்கள் மாடிக்கு வந்தான். கல்லூரிப் பியூனிடம் விலாசம் கேட்டிருக்கிறான். நான் கதவைத் திறந்து அப்படியே நின்றேன். உள்ளேயிருந்து மனைவி, "யாரு? வாசல்ல நிக்க வச்சே பேசுதீங்களே, உள்ள வரச் சொல்லுங்க," என்றாள். காபி கலந்து கொடுத்தாள். அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து குடித்தான்.

சாணக்யபுரியில் ஒரு தூதரகத்தில் காவலாள் வேலை இருக்கிறதாம். அம்மா வேலை செய்யும் வீட்டுக்காரர் சொல்லி வைத்திருக்கிறாராம். படித்த ஒருவரிடமிருந்து நன்னடத்தைச் சான்று வேண்டும்.

"உங்களத்தான் சார் எனக்குத் தெரியும். மத்லப், அதாவது நம்ம பாஷை பேசறவங்க."

உடனே எழுதிக் கொடுத்தேன். நேர்மையானவன், கடின உழைப்பாளி, தன் பொறுப்புக்கு மேலேயும் செய்கிறவன் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். பேனா எங்கும் தடுமாறவில்லை. அவன் மெதுவாகப் படித்துவிட்டு வெட்கப்பட்டான். "இவ்ளோ நல்லா எழுதிட்டீங்களே சார்."

அப்போது சொல்லியிருக்கலாம். கட்டிலுக்கு அடியில்தான் அந்த ஃபைல் இருந்தது.

எழுந்தவன், கதவருகில் நின்று கேட்டான். "கடைசி மேட்ச் என்னாச்சு சார்? எனக்கு யாரும் சொல்லல."

"தோத்துட்டோம்ப்பா."

"எத்தன கோல்?"

ஏழு. நானே உட்கார்ந்து எண்ணினேன். ஏழு கோடுகள்.

"ரெண்டு," என்றேன்.

"ரெண்டுதானா?" அவன் முகம் மலர்ந்தது. பொறாமையோ வருத்தமோ அதில் இல்லை. "அச்சா! அவ்ளோ பெரிய டீமோட ரெண்டுதானா? நான் இருந்தப்ப நாலுக்குக் கொறஞ்சதே இல்ல சார்." தனக்குத் தானே தலையை ஆட்டிக்கொண்டான். "அப்ப உங்க கணக்கு கரெக்ட்தான். அம்மாதான் சும்மா உங்களத் திட்டிட்டே இருக்காங்க. நான் போய்ச் சொல்லிடறேன்."

வணக்கம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

மனைவி காலி தம்ளரை எடுத்துக்கொண்டே, "ஏழுன்னுல்லா அன்னைக்குச் சொன்னீங்க?" என்றாள்.

நான் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றேன். அவன் சான்றிதழை மடங்காமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, கடைகளை ஒட்டி, பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். பஸ் வர நேரமாயிற்று. வரும்வரை அங்கேயே நின்றான். மேலேயிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.