தொண்டர் படை ஏட்டில் அம்மப்பா

மாமாவின் அகதி மனுவை நிராகரித்து வந்த கடிதத்தில் ஒரு பத்தி எனக்கு இன்னும் மனப்பாடம். தன் தகப்பன் மலாயாவில் பிரிட்டிஷ் தொண்டர் படையில் கப்டனாக இருந்தார் என்கிறார் மனுதாரர். அதிகாரிகள் பட்டியலில் அப்படி ஒருவர் இல்லை. ஆகவே இவருடைய மற்றப் பேச்சையும் நம்புவதற்கில்லை. செத்துப்போன ஒருவரின் பதவியை வைத்து, உயிரோடிருந்தவரின் முதுகில் கிடந்த தழும்புகளைப் பொய்யாக்கியிருந்தார்கள். வாசித்துவிட்டு நான் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அம்மா அன்று என்னைக் கண்டிக்கவில்லை.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. லண்டனில், டூட்டிங்கில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் படுத்தார். மேன்முறையீட்டுக்கு ஐந்து கிழமை இருந்தது. தோற்றால் இலங்கைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அம்மப்பா படையில் இருந்ததற்கு ஒரு தாளாவது தேடுங்கள் என்றார் வழக்கறிஞர். எனக்குச் சனிக்கிழமை ஷிப்ட் இல்லை. மாமாவைக் கூட்டிக்கொண்டு கியூ என்ற இடத்தில் உள்ள அரச ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். பேனை கொண்டுபோக விடமாட்டார்கள், பென்சில் மட்டும். இரண்டு சனிக்கிழமை அதிகாரிகளின் ஏடுகளையே புரட்டினோம். நானும் மடைச்சிதான். கப்டன் என்றால் அங்கேதானே இருப்பார் என்று நினைத்தேன்.

மூன்றாம் சனிக்கிழமை, சாதாரணச் சிப்பாய்களின் ஏட்டைப் பார்த்தீர்களா என்று அங்கு வேலை செய்த பெண் கேட்டாள். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கப்டனை ஏன் பிள்ளை அதுக்குள்ள தேடுவான்?"

அவரோடு வாதாடாமல் எடுத்துப் பார்த்தேன். இருந்தார். பெயர், தகப்பன் பெயர், ரயில்வேயில் கிளாக்கர் வேலை, எல்லாம் சரி. பதவி, சிப்பாய். கடைசிக் கட்டத்தில், யப்பான்காரன் இறங்கிய காலத்துத் திகதி ஒன்றும் ஒரு வரியும்: கடமைக்கு வரவில்லை, பெயர் நீக்கப்பட்டது. பிரதி எடுத்தோம்.

வீட்டில் அப்பா இல்லை, வேலைக்குப் போயிருந்தார். தாளைப் பார்த்ததும் அம்மா அடுப்பை நிற்பாட்டினார்.

"இதைக் கோட்டில குடுக்கேலாது, தம்பி."

"அப்ப கப்டன் எண்டு ஆர் அக்கா சொன்னது?"

"கலியாணத் தரகர். மாப்பிள்ளை வீட்டார் ஐயான்ர உத்தியோகம் கேட்டவை. கிளாக்கர் எண்டால் எடுபடாதெண்டு அந்த ஆள் கப்டனாக்கிப்போட்டுது. ஐயாவும் மறுக்கேல்ல. இந்த மனிசன் இண்டைக்கும் கப்டன்ர மகளைக் கட்டினதாத்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறார்."

எங்கள் ஆட்களின் புத்தி இதுதான். கலியாணப் பேச்சில் ஏற்றிய பதவி பிறகு இறங்காது. பிள்ளைகள் அதை நம்பி வளரும். மாமா அதைக் குரோய்டனில் ஒரு குடிவரவு அதிகாரிக்கு முன்னால் சத்தியம்போலச் சொல்லியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, "உங்கட மானத்துக்காக மாமா சாகோணுமோ?" என்று அம்மாவிடம் கத்தினேன்.

"ஓடினவன்ர பிள்ளையள் எண்டு எழுதுவிக்கப் போறியளோ?"

"நானும் ஓடித்தானே வந்தனான்" என்றார் மாமா. "அக்கா, அந்தத் திகதியை ஒருக்காப் பாருங்கோ."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அந்தத் திகதி, மலாயாவில் அவர் பிறந்து மூன்றாம் நாள். கதிரையை இழுத்து இருந்தார். பிள்ளையைப் பார்க்கத்தான் அம்மப்பா படையை விட்டுப் போனார் என்று நான் சொல்ல வரவில்லை. தாளில் காரணம் இல்லை. வெறும் பயமாகவும் இருக்கலாம். பயந்தாலும் எனக்கு அவரில் குறை இல்லை.

மாமா அந்தத் தாளை எங்கள் வழக்கறிஞரிடம் கொடுத்தார். வழக்கு நாளில் அதை வைத்து அரச தரப்பு வழக்கறிஞர் மாமாவிடம், உங்கள் தகப்பன் கப்டன் இல்லை, படையை விட்டு ஓடியவர், அப்படித்தானே என்று கேட்டார். மாமா "ஓம்" என்றார். அந்த ஒரு சொல்லை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார். அடுத்து அம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். தன் கலியாணக் கூறைச்சீலையை உடுத்து வந்திருந்தார், ஏனென்று நான் கேட்கவில்லை. தரகர் சொன்ன பொய்யை ஒன்றும் விடாமல் நீதிபதிக்குச் சொன்னார்.

"அந்தப் பொய்யில கலியாணம் கட்டினது நான். அதுக்கு இவனை அனுப்பாதேங்கோ."

பின்வரிசையில் இருந்த அப்பா அன்றுதான் முதன்முதலாக அதைக் கேட்டார். குரோய்டனிலிருந்து டிராமில் திரும்பும்போது அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார். பிறகு இரண்டு கிழமை அம்மாவோடு பேச்சில்லை. சோறு போட்டால் தின்றார், எழும்பிப் போனார். அம்மா ஒரு நாளும் கெஞ்சவில்லை.

மாமா இங்கே இருக்கலாம் என்று தீர்ப்பு வந்த காலையில், கடிதத்தை அப்பாதான் சத்தமாக வாசித்தார். மடித்து மாமாவிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கப்டன்ர மகளிட்டச் சொல்லு, எனக்கும் ஒரு தேத்தண்ணி ஊத்தட்டாம்."

இத்தனை வருடங்களுக்குப் பிறகும், சண்டை முடிந்து பேச வேண்டியிருந்தால், அம்மாவை அப்படித்தான் கூப்பிடுகிறார். அம்மாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஊற்றிக் கொடுக்கிறார்.