மஞ்சளில் எத்தனை மஞ்சள்

பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறவனுக்கு உடன் வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் முற்றுப்புள்ளி. அவன் வாயிலிருந்து இரண்டாவது வாக்கியம் வருவதற்குள் அடித்த பெயிண்ட் காய்ந்து, வெளுத்து, மறுபடி அடிக்கும் பருவம் வந்துவிடும் என்று கல்லாவில் இருந்தவர் சத்தியம் செய்வார். ஆனால் கண் அப்படியொரு கண். சுவரிலிருந்து நகத்தளவு சில்லைப் பெயர்த்துக்கொண்டு வந்து "இதே கலர் வேணும்" என்று யார் நீட்டினாலும், வெளிச்சத்தில் ஒரு தரம் திருப்பிப் பார்ப்பான். அடுத்த கால்மணியில் அதே கலர் டின்னில் இருக்கும். புதுப் பெயிண்டையும் பழைய சுவரையும் பிரித்துச் சொல்ல முடியாமல் ஒரு பல்லி அரை நாள் திகைத்து நின்றதாகக்கூடக் கேள்வி.

இப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு அக்கா. பேச ஆரம்பித்தால் மின்விசிறி தானாக நின்று கேட்கும். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போன் செய்வாள், பன்னிரண்டுக்கு வைப்பாள். அந்த ஒரு மணி நேரத்தில் அவன் பங்கு ஏழெட்டு "ம்". அத்தனை "ம்"மும் அவளுக்குப் போதும். அவனுக்கோ, ஒற்றைத் தட்டும் ஒற்றை டம்ளரும் இருக்கிற அந்த அறையில் வாரத்துக்கு ஒருநாள்தான் ஆள் நடமாட்டம். அதுவும் போன் வழியாக.

அந்த நடமாட்டம் நின்று இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

முப்பது வருஷம் வாடகை அறைகளில் இருந்துவிட்டு அக்கா சொந்தமாக ஒரு வீடு வாங்கினாள். தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகக் காட்டினாள். அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமாவின் உறவுக்காரர்கள் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். "எப்படிடா இருக்கு?" என்றாள். கண்ணெல்லாம் ஆசை. அவன் படுக்கையறைச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான்.

"ஈரம் இருக்கு. இப்ப பெயிண்ட் அடிக்காதே."

மாமாவின் தங்கை களுக்கென்று சிரித்துவிட்டாள். அக்காவின் முகம் சுருங்கிப்போனது.

"முப்பது வருஷமா ஏங்கி வாங்கின வீடுடா. உன் கண்ணுல பட்டது அது ஒண்ணுதானா?"

அவ்வளவுதான். அந்த ஞாயிறு போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. வீடு பார்க்கப் போனதற்கு முந்தின ஞாயிறுதான், மாமாவின் மேலதிகாரி கல்யாண வீட்டில் பல்செட்டைத் தொலைத்த கதையைப் பாதியில் விட்டிருந்தாள். அது கிடைத்ததா, கிடைக்கவில்லையா? இரண்டு வருஷமாகப் பதினோரு மணி அடித்தால் அவன் போனை எதிரில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். தானே கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? "ம்" என்றா?

இந்த நிலையில்தான் கடை முதலாளி ஊழியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி ஏற்பாடு செய்தார். வந்த அம்மாள் பலகையில் நான்கு வட்டம் போட்டாள். மனுஷர்கள் நாலு வகை. சிவப்பு அதட்டுகிறவர், நீலம் கணக்காகப் பேசுகிறவர், பச்சை சண்டைக்கு வராதவர், மஞ்சள் கலகலப்பு. அவரவர் கலருக்குத் தகுந்தபடி பேசினால் யாரும் முறைத்துக்கொள்ள மாட்டார்கள் என்றாள்.

முற்றுப்புள்ளி கையைத் தூக்கினான். கடையே திரும்பிப் பார்த்தது.

"மஞ்சள்னா எந்த மஞ்சள்? எங்க கலர் கார்டுல நாப்பத்தி ரெண்டு இருக்கு."

"சும்மா மஞ்சள்தான் சார்."

சும்மா மஞ்சள் என்று ஒன்று உலகத்தில் கிடையாது என்பது அவனுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதிக்கொண்டான். மஞ்சள்காரரிடம் முதலில் பாராட்டு, பிறகு மனசு எப்படி இருக்கிறது என்ற விசாரிப்பு, கடைசியில்தான் விஷயம்.

ஞாயிறு பதினோரு மணிக்கு அவனே போன் செய்தான். அந்த வரிசைப்படி எழுதிவைத்த சீட்டைப் பார்த்து மூச்சு விடாமல் படித்தான்.

"அக்கா, உன் குரலைக் கேட்டதும் மனசு குளிர்ந்துடுச்சு. நீ எடுத்த முடிவு ரொம்ப அருமையான முடிவு. உன் வீடு ரொம்ப அழகான வீடு. இப்ப உன் மனநிலை எப்படி இருக்கு?"

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அக்காவுக்குப் பேச்சு வரவில்லை.

"உடம்புக்கு என்னடா?" என்றாள் கடைசியில்.

"ஒண்ணும் இல்ல."

"டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"இல்லக்கா."

"அப்ப யார் எழுதிக் குடுத்தது?"

பொய் சொல்லத் தெரியாதவன். "கடையில" என்றான்.

போன் வைக்கப்பட்டது. அவன் அந்தச் சீட்டை நாலாக, எட்டாக, பதினாறாக மடித்தான். இருந்த கொஞ்ச வழியையும் தானே அடைத்தாயிற்று.

பத்து நாள் கழித்து, கடையில் நல்ல கூட்டம். கவுண்டரில் ஒரு கை நீண்டு, கைக்குட்டையைப் பிரித்து, பெயிண்ட் சில்லு ஒன்றை வைத்தது. வெளிர் மஞ்சள். நிமிர்ந்து பார்த்தான். அக்கா. முன்தலை முழுக்க நரைத்திருந்தது. இந்த நரை எப்போது வந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

 எத்தனையோ பேர் வந்து நிற்கிறபடி, சில்லை வைத்துவிட்டுச் சும்மா நின்றாள்.

அவன் வழக்கம்போல வெளிச்சத்தில் திருப்பினான். சில்லின் பின்பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. படுக்கையறைச் சுவர். அவன் சொன்ன அதே ஈரம். 'அன்னைக்கே சொன்னேன்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. அவனுக்கு இருக்கிற வார்த்தைகளே கொஞ்சம், அதில் இதைப் போய்ச் செலவழிப்பதா? சில்லை மெதுவாகக் குப்புற வைத்தான், உப்பு தெரியாதபடி.

"அக்கா, அந்தப் பல்செட் கிடைச்சுதா?"

அவள் அவனையே பார்த்தாள். உதடு கோணியது. பக்கத்திலிருந்த இருபது லிட்டர் டின்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அதை ஏன்டா கேக்கறே. பந்தி முடிஞ்சு பாத்தா, மனுஷன் எல்லாரையும் கையைத் தூக்கி நிக்க வச்சுட்டாரு..."

டின் குலுக்கும் மெஷின் தடதடவென்று பாதியை விழுங்கியது. அவன் போய் அதை நிறுத்தினான். காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். முற்றுப்புள்ளி "ம்" என்றான். கொஞ்சம் விட்டு இன்னொரு "ம்".

சமையல்காரரின் இடுப்பு மடிப்பைச் சோதிக்கிற வரைக்கும் கதை வந்துவிட்டது. அப்போது அவள் சட்டென்று கடிகாரத்தைப் பார்த்து எழுந்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. நீ வந்து சுவரைப் பாரு. மிச்சத்தை ஞாயித்துக்கிழமை போன்ல சொல்றேன்."

அவள் படியிறங்கித் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றான். சில்லைக் கைக்குட்டையோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியை ஒரு தரம் பார்த்தான்.

புதன்கிழமைதான் ஆகியிருந்தது.