தாடி வைக்காத மாதங்கள்

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி முழுகாமல் இருந்தால் புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது. பட்டால் பிள்ளைக்கு ஆகாது. ஏன் ஆகாது என்று கேட்டால், "ஆகாதுன்னா ஆகாது" என்பார்கள். மேகமலை எஸ்டேட்டிலோ தாடியோடு ஆபீசுக்குள் நுழைந்தால் துரைக்கு ஆகாது. இந்த இரண்டு ஆகாதுகளுக்கும் நடுவில், கதவிடுக்கில் சிக்கிய விரல் மாதிரி நான் மாட்டிக்கொண்டேன்.

யுத்த காலம். எனக்கு ஏலக்காய் ஸ்டோரில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை. வாங்கித் தந்தவர் என் மாமனார். யார் யார் வாசலிலோ துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்று வாங்கித் தந்தார். அதை விட்டுவிட்டு வந்தேன் என்று காமயகவுண்டன்பட்டியில் அவர் முன்னால் போய் நிற்க முடியுமா? துரையிடம் எங்கள் வழக்கத்தைச் சொல்லிப் பார்த்தேன். "பிள்ளை பெறப்போவது உன் மனைவியா, உன் தாடியா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். திங்கட்கிழமை வழித்த முகத்தோடு வா, இல்லையென்றால் மூட்டையோடு இறங்கு என்றார்.

வாரத்துக்கு ஒருதரம் சின்னமனூரிலிருந்து ஏறிவரும் நாவிதரிடம் போனேன். அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. "பிள்ளத்தாச்சி வீட்டுக்காரர் மொகத்துல நான் கத்தி வைக்க மாட்டேன். அந்தப் பாவம் எனக்கெதுக்கு?" என்றார். அவருக்கு எப்படித் தெரியும்? பெண்டாட்டி உண்டாகியிருக்கிறாள் என்று அவள் தாய்வீட்டிலிருந்து சேதி வந்த அன்றைக்கு வெல்லமும் தேங்காயும் லயத்து வீடுகள் பூராவும் கொடுத்துத் தம்பட்டம் அடித்தவன் நானேதான். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

பிளேடு கிடைக்காத காலம் அது. பங்களாவில் சமையல் பார்த்த மலையாளத்துக்காரர், துரை கழித்துப்போட்ட மடக்குக் கத்தி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நாவிதர் கத்தி வைக்க மாட்டேன் என்றாரே தவிர, என்னை விட்டுவிட்டுப் போகவில்லை. என் வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். "நான் பாக்கல. நீங்களாச் செய்யுறீக. எனக்குச் சம்பந்தமில்ல" என்று எதிர்மலையைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் மலையிடமே, "கத்தியச் சாச்சுப் புடிங்க. கன்னத்த இழுத்துக்கங்க. சத்தம் சரியில்லையே, நிமுத்தாதீக" என்று ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன், தாடையில் வெட்டு விழுந்தது. "ரத்தமா?" என்றார், திரும்பாமலே. "படிகாரத்த வச்சு அமுக்குங்க."

முகம் பழகிக்கொண்டது, கத்திதான் பழகவில்லை. கூர் முன்னால் போகிற மாதிரி தோல்வாரில் தேய்த்தேன். வார் அறுந்து தொங்கியது. முதுகு முன்னால் போக, கூர் பின்னால் வர இழுக்க வேண்டும் என்பது அதற்கப்புறம்தான் மண்டையில் ஏறியது. கல்லில் அழுத்தித் தீட்டினால் சீக்கிரம் கூராகிவிடும் என்று நினைத்தேன். விளிம்பெல்லாம் பல் பல்லாகிப் போனது. தண்ணீர் விட்டு, கத்தியின் பாரம் மட்டும் கல்லில் படும்படி மெல்லத் தள்ள வேண்டுமாம். பொறுமை என்கிற சாமான் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. எத்தனை தடவை கத்தியைப் பள்ளத்தில் விட்டெறியப் போயிருப்பேன்!

எல்லாவற்றுக்கும் மேலே மழை. மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் துடைக்காமல் மடித்து வைத்துவிட்டேன். மறுநாள் விளிம்பில் செம்புள்ளி. கடுகளவுதானே என்று வழித்தேன். கன்னம் வீங்கி, சீழ் வைத்து, காய்ச்சலில் சுருண்டு கிடந்தேன். எஸ்டேட் கம்பவுண்டர் கீறிவிட்டு, "துருவோட வெளையாடாதய்யா, ஆளையே கொண்டுபோயிரும்" என்றார். அதிலிருந்து எனக்குத் துருப் பைத்தியம் பிடித்தது. வழித்ததும் பழைய பனியனில் துடைப்பேன், கணப்பில் காட்டி ஈரம் போக்குவேன், தேங்காயெண்ணெய் தடவிச் சுற்றிவைப்பேன்.

மாதக் கடைசியில் எல்லோரும் ஊருக்கு இறங்குவார்கள். நான் இறங்கவில்லை. இந்த வழுக்கைக் கன்னத்தோடு மாமியார் முன்னால் எப்படிப் போய் நிற்பது? பாதை சரிந்துவிட்டது, யானை நிற்கிறது என்று போகிறவர்களிடம் சேதி சொல்லி அனுப்பினேன். ஊருக்குப் போக வேண்டுமானால் தாடி வேண்டும். தாடி வைத்தால் வேலை போய்விடும். காலையில் கத்தியை எடுத்ததும், நமக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொள்வேன். நம்பிக்கை இல்லாதவன் அதைத் தினம் தினம் எதற்காகச் சொல்லிக்கொள்ள வேண்டும்? துரை மேல் கோபம், ஊர் வழக்கத்தின் மேல் கோபம், ராத்திரியோடு ராத்திரியாக முளைத்துவிடுகிற மயிரின் மேல் அதைவிடக் கோபம்.

கடைசியில், நாள் நெருங்கிவிட்டது, உடனே வரச் சொன்னார்கள் என்று ஆள் வந்தது. துரை மூன்று நாள் லீவு கொடுத்தார். திரும்பி ஏறும் முன்னால் வழிக்க வேண்டுமே என்று கத்தியையும் பையில் போட்டுக்கொண்டேன். மப்ளரைக் கண்ணுக்குக் கீழே இறுக்கிச் சுற்றிக்கொண்டு மலை இறங்கினேன். கேட்டவர்களிடமெல்லாம் பல்வலி என்றேன். கீழே வெயில் கொளுத்துகிறது. மப்ளருக்குள் எனக்கு ஆவி பறக்கிறது.

வீட்டு வாசலை மிதிக்கும்போதே உள்ளே அவள் அலறல் கேட்டது. மாமனார் ஒரு இடத்தில் நிற்க மாட்டாமல் நடந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை வீறிட்டது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் மாமியார் வெளியே ஓடிவந்தார். கூரை இறவாணத்தில் செருகியிருந்த, கதிரறுக்கிற கருக்கரிவாளை உருவினார். தொப்புள்கொடி அறுக்க.

அதன் பல்லெல்லாம் சிவப்பாக இருந்தது. என் கன்னம் தானாகவே எரிந்தது.

"அத்தே, அது வேணாம். துரு."

"நெருப்புல காட்டுனாப் போதும். ஒங்க பொண்டாட்டிக்கே இதுலதான் அறுத்துச்சு."

"நெருப்புல துரு போகாது அத்தே!"

"கத்தி எங்க ஆத்தா?" என்று உள்ளேயிருந்து மருத்துவச்சி கத்தினார்.

பையில் என் கத்தி இருக்கிறது. காலையில்தான் தீட்டி, புது வாரில் இழுத்து, எண்ணெய் தடவியது. வெளியே எடுத்தால் இத்தனை மாதத்துப் பொய்யும் சேர்ந்து வெளியே வரும். எடுக்காவிட்டால் அந்த அரிவாள் உள்ளே போகும். எடுத்துவிட்டேன்.

"மாப்ளகிட்ட ஏது சவரக்கத்தி?" என்றார் மாமியார். நான் மப்ளரை அவிழ்த்தேன். என் கன்னத்தைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், வாசலடுப்பில் கொதிக்கும் வெந்நீரைப் பார்த்தார். கத்தியைப் பிடுங்கி வெந்நீரில் போட்டு, சட்டியோடு தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். மாமனார் தலையைத் திருப்பிக்கொண்டார்.

பொம்பளைப் பிள்ளை. ஒரு குறையும் இல்லை. விரல் விரலாகப் பார்த்தேன், நம்பிக்கை இல்லாதவன்தான்.

விளக்கு வைத்தபிறகு என்னை உள்ளே விட்டார்கள். அவள் கையை நீட்டி என் கன்னத்தைத் தடவினாள். தழும்பில் விரல் நின்றது.

"இதுக்குத்தான் வரலையா?"

தலையாட்டினேன்.

"தாடிய எவ கேட்டா? ஆளு உசுரோட இருக்கீகளா இல்லையான்னு தெரியாம நான் இங்கன கெடந்து செத்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையை என் பக்கம் நகர்த்தினாள். "தூக்குங்க. நாளன்னைக்கு மறுபடி மல ஏறிருவீகல்ல."