கீழ்வீட்டு வாலும் மேல்வீட்டு வாலும்

போன ஞாயிற்றுக்கிழமை மக்ரூனின் வாலை அளந்து பார்த்தேன். சரியாகப் பதினைந்து சென்டிமீட்டர். கண் மதிப்பு இல்லை, ஸ்கேல் வைத்துத்தான்!

மக்ரூன் எங்கள் வீட்டுக் காக்கடீல் பறவை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன் — கிளி ஜாதிதான், ஆனால் கிளியைவிடச் சின்னது. வெளுத்த மஞ்சள் உடம்பு, தலையில் கொண்டை, இரண்டு கன்னத்திலும் ஆரஞ்சுப் பொட்டு. அந்த நிறத்தில் ஒன்றைப் பார்த்தால், முந்திரி மக்ரூனுக்குப் பேர்போன தூத்துக்குடிக்காரர்கள் வேறு என்ன பெயர் வைப்போம்?

வால் அளப்பது எனக்கு இது முதல் தடவை இல்லை. நான்கு மாதத்துக்கு முன்பும் ஒரு வாலை அளந்தேன். அது என் பறவையின் வால் அல்ல... என் ஓரகத்தி செல்வியின் பறவையின் வால்.

செல்வி என் கொழுந்தனின் மனைவி. ஆத்தூர்க்காரி. ஒரே வீடுதான், அவர்கள் கீழே, நாங்கள் மேலே. போன வருஷம் அண்ணனும் தம்பியும் ஒன்றாகக் கடைக்குப் போய், ஒரே கூட்டில் பிறந்த இரண்டு குஞ்சுகளை வாங்கி வந்தார்கள். ஒன்று மாடிக்கு வந்து மக்ரூன் ஆனது. இன்னொன்று கீழே தங்கி டாலி ஆனது. அதே தினை, அதே கீரை, அதே அளவு கூண்டு.

எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் டாலி புதுமாப்பிள்ளை மாதிரி கண்ணாடி முன் நின்று விசிலடிக்கிறது. (டாலி ஆண் என்பது பெயர் வைத்த பிறகுதான் தெரிந்தது.) மக்ரூனுக்கோ கொத்துக் கொத்தாக இறகு கொட்டுகிறது. பாதி ராத்திரியில் கூண்டுக்குள் படபடவென்று சத்தம் கேட்கும். ஓடிப்போய் லைட்டைப் போட்டால், மூலையில் ஒடுங்கி, கொண்டை விறைத்து, நெஞ்சு துடிக்க உட்கார்ந்திருக்கும். காலையில் கூண்டுத் தட்டு நிறைய இறகுகள். வால் இருந்த இடத்தில் இரண்டே இரண்டு குச்சி மிச்சம்.

அப்படி ஒரு காலையில்தான் கீழே போனேன். செல்வி டீ போட உள்ளே போன நேரம் பார்த்து, மேஜையில் கிடந்த ஸ்கேலை எடுத்து டாலியின் வாலுக்குப் பக்கத்தில் வைத்தேன். பதினாலு. வயிறு எரிந்தது.

பொறாமை ஒரு விநோதமான வியாதி. தூரத்தில் இருப்பவர் மேல் வருவதே இல்லை. சென்னையில் யாரோ ஒருவர் வீட்டுப் பறவைக்கு மயில் வாலே முளைத்தாலும் எனக்கென்ன? ஒரே கூட்டு, ஒரே வாசல்... அங்கேதான் அது வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எனக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பார்கள். மாடிக்கு வரும்போதெல்லாம் "மக்ரூன் என்னா அழகு!" என்று சொல்பவள் யார்? செல்விதானே!

கண்ணேறு கழிக்கக் காய்ந்த மிளகாய் வேண்டும், கல்லுப்பு வேண்டும், யார் மேல் சந்தேகமோ அவர் காலடி மண் வேண்டும். தரையெல்லாம் டைல்ஸ் போட்ட வீட்டில் காலடி மண்ணுக்கு எங்கே போவது? வாசலில் கிடந்த செல்வியின் செருப்பைத் தட்டி எடுத்தேன். மூன்றையும் சேர்த்து மக்ரூனுக்குச் சுற்றி, கூண்டு இருந்த அறையிலேயே நெருப்புச் சட்டியில் போட்டேன்.

எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. மிளகாய் எரியும்போது நெடி வரவில்லை என்றால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். நெடி வந்தால் கண் இல்லை.

வந்தது. என்ன நெடி! என் கணவர் இருமிக்கொண்டே ஓடி வந்தார்.

"ஏளா, என்னத்தப் போட்டு எரிக்க? மூச்சு விட முடியலயே!"

மக்ரூன் வாயைப் பிளந்துகொண்டு இளைத்தது. கூண்டைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். பின்னாலேயே வந்தவர் கண்ணைத் துடைத்தபடி தீர்ப்புச் சொன்னார்.

"நெடி வந்துட்டுல்லா? அப்பம் செல்வி மேல ஒரு தப்புமில்ல, போ."

"அது குண்டு மிளகா. எப்படிப் போட்டாலும் நெடிக்கும்!" என்றேன். விட்டுக் கொடுப்பேனா?

மறுநாள் காலை கால்நடை டாக்டரிடம் போனோம். சின்ன வயசுப் பெண். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"பறவை இருக்கிற ரூம்ல மிளகாயை எரிச்சீங்களா? அதோட நுரையீரல் எவ்வளவு சின்னதுன்னு தெரியுமா? உயிரோட வந்ததே பெரிசு மேடம்."

பிறகு, ராத்திரி எப்படித் தூங்க வைக்கிறீர்கள் என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன் — கெட்டிப் போர்வையை இரண்டாக மடித்து, ஒரு பொட்டு வெளிச்சம் நுழையாமல், கூண்டை முழுக்க மூடுகிறேன்.

"அதான் பிரச்சினையே. அவ்வளவு இருட்டுல அதுக்கு உக்காந்திருக்கிற கம்பிகூடத் தெரியாது. லாரி ஹாரன் அடிச்சாலோ பல்லி ஓடினாலோ பதறிப் பறந்து கூண்டுல மோதும். இறகெல்லாம் அப்படித்தான் போகுது. ஜன்னலை விட்டுத் தள்ளி வைங்க. ஒரு பக்கம் துணி போடாதீங்க. ராத்திரி பூரா ஒரு ஜீரோ வாட் பல்ப் எரியட்டும்."

புதிதாக முளைக்கும் இறகின் குருத்தில் ரத்தம் ஓடுமாம். அது ஒடிந்தால் சோளமாவை வைத்து மெதுவாக அழுத்தி, உடனே தூக்கி வரச் சொன்னார்.

எங்கள் வீடு துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. கன்டெய்னர் லாரிகளுக்கு ராத்திரி, பகல் கிடையாது. சரி, அப்படியென்றால் டாலி மட்டும் எப்படி நிம்மதியாகத் தூங்குகிறது?

ஆட்டோவில் திரும்பும்போது உறைத்தது. செல்வி வீட்டு ஹாலில், டாலியின் கூண்டுக்கு எதிரே, சாமி அலமாரி. அதில் ராத்திரி முழுக்க ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்ப் எரியும். "ஏளா, விடிய விடிய எரியுதே, இது என்ன கப்பலுக்கு வழி காட்டுதியா?" என்று நானே அவளைக் கேலி செய்திருக்கிறேன்.

வழியில் நான்கு எலக்ட்ரிகல் கடைகள் இருந்தன. எதிலும் நான் இறங்கவில்லை.

கூண்டைத் தள்ளி வைத்தேன், போர்வையை விலக்கினேன். பல்ப் மட்டும் போடவில்லை. மாடியில் வெளிச்சம் தெரிந்தால், 'அக்கா என்னப் பாத்துப் போட்டுட்டா' என்று செல்வி நினைப்பாளே! அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வாயில்லா ஜீவனின் இறக்கையைவிட எனக்கு அது பெரிதாக இருந்தது. இன்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்று வாரம் போனது. புதுக் குருத்துகள் எட்டிப் பார்த்தன. ஒரு ராத்திரி ஏதோ ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது. உடனே அந்தப் படபட சத்தம். லைட்டைப் போட்டேன். கூண்டுக் கம்பியெல்லாம் ரத்தத் துளி. இடது இறக்கையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. உள்ளங்கை அளவு உடம்பு அது... அதில் எவ்வளவு ரத்தம் இருந்துவிடப் போகிறது?

இவர் கண்ணாடியைத் தேடுகிறார். அடுக்களையில் சோளமாவு இல்லை. வாயில் வந்தது ஒரே பெயர்தான்.

"செல்வீ!"

அவிழ்ந்த கூந்தலோடு, சோளமாவு டப்பாவோடு வந்தாள்.

"சத்தம் போடாதியக்கா, இன்னும் பயந்துரும். அத்தான், அந்தத் துண்ட இங்கன கொண்டாங்க."

துண்டில் மக்ரூனைச் சுருட்டினாள். மாவை ஒற்றி, விரலால் அழுத்திப் பிடித்து, டாலிக்கு அடிக்கிற அதே விசிலை மெல்ல அடித்தாள். ரத்தம் நின்றது. என் கையில் ஒரு நிமிஷம் தங்காத மக்ரூன், அவள் உள்ளங்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டது.

நான் அழுதேன். பிழைத்துக்கொண்டதே என்றுதான் அழுதேன். ஆனால் அந்தக் கண்ணீரில் பாதி பொறாமை. அதையும் மறைப்பானேன்?

"ஏன்க்கா அழுதிய? அதான் நின்னுட்டுல்லா" என்றவள் கீழே இறங்கிப் போய், கையில் அந்தச் சிவப்புப் பல்ப்போடு திரும்பி வந்தாள். சாமி அலமாரியிலிருந்து கழற்றியே கொண்டு வந்துவிட்டாள்!

"அப்பம் டாலிக்கு?" என்றேன்.

"ஹால்ல லைட்டப் போட்டுட்டு நானும் அங்கனயே படுத்துக்கிடுதேன்."

"சாமிக்கு?"

"சாமி இருட்டுல பயப்படுமாக்கா?"

விடிந்ததும் டாக்டரிடம் காட்டினோம். வரும் வழியில் முதல் கடையிலேயே இறங்கிப் பல்ப் வாங்கினேன். அன்றிலிருந்து மாடியிலும் வெளிச்சம். லாரிகள் அதே ஹாரனைத்தான் அடிக்கின்றன, மக்ரூன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் அளந்து முடித்து ஸ்கேலை உள்ளே வைத்த நேரம் செல்வி மேலே வந்தாள். மக்ரூனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"என்னக்கா, இதுக்கு வாலு எங்க டாலியவிட நீளமா இருக்கும் போலுக்கே?"

அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? நான் அதில் டிகிரி வாங்கியவள்! மனசு குளிர்ந்துபோய், செருப்பைத் தட்டியது முதல் மிளகாய் போட்டது வரை எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். அவள் சிரித்தாள்.

"செருப்பத் தட்டினத ஜன்னல் வழியா பாத்தேன்க்கா. நெடி கீழ வரைக்கும் வந்துச்சுல்லா."

"பின்ன ஏம்ளா ஒண்ணும் கேக்கல?"

"என்னத்தக் கேக்க? நீங்க டாலி வால ஸ்கேல் வச்சு அளந்தியள்லா... அதையும்தான் பாத்தேன். அன்னைல இருந்து நீங்க வந்துட்டுப் போனா, ஒரு பிடி உப்ப எடுத்து டாலிக்குச் சுத்தித் தண்ணில போட்டுருவேன். பறவைக்குப் புகை ஆவாதுல்லா, அதான் வெறும் உப்பு."

நான்கு மாதமாகக் கீழ்வீட்டில் உப்புக் கரைந்துகொண்டு இருந்திருக்கிறது... என் கண்ணுக்காக! கீழே தேடிய கண் மாடியிலேயே இருந்திருக்கிறது.

டீ குடித்தோம், விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் கிளம்பினாள். படியில் கால் வைத்தவள், திரும்பி மக்ரூனின் வாலை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் போனாள்.

செருப்புச் சத்தம் கீழே போய்ச் சேரும்வரை காத்திருந்தேன். அப்புறம் அடுக்களைக்குப் போய் ஜாடியைத் திறந்தேன்.

உப்பளத்து ஊர்க்காரிக்கு ஒரு பிடி உப்புக்கா பஞ்சம்?