ஒரே நடை

அண்டாவுக்குள் குடத்தை இறக்கியபோது ணங்கென்று சத்தம் கேட்டது. எங்கள் அடுக்குமாடியை இடித்துக் கட்டி முடிக்கும்வரை சாமான்களெல்லாம் இந்த வாடகைக் கிடங்கில்தான்.

"சின்ன ரூமு பத்தாதுங்க மேடம்," என்றார் கிடங்குக்காரர். நான் யார் பெற்ற பெண் என்று அவருக்குத் தெரியாது.

எழுபதுகளில், ஆரணியில் நாங்கள் வாடகை வீடு மாறிய காலையிலும் இதே சத்தம்தான். அப்பா நெசவாளி. பிரித்துப் போட்ட தறியையும் சாமான்களையும் பார்த்த மாட்டுவண்டிக்காரர், "ரெண்டு நடை ஆவும்மா," என்றார்.

"ஒரே நடைதான்," என்றாள் அம்மா.

அண்டாவுக்குள் குடம், குடத்துக்குள் அரிசி என்று அடைத்தாள். பாதி நெய்த பட்டுப்புடவை சுற்றியிருந்த உருளையைப் பாய்களுக்கு நடுவில் படுக்கவைத்தாள். "எதையும் காலியா ஏத்திகினு போவக் கூடாது."

புது வீட்டு வாசலில் அப்பா கையைப் பிசைந்தார். "நல்ல நேரம் முடியப்போவுது. பால் காய்ச்சற குண்டான் எந்த மூட்டைல கீதோ."

அம்மா வண்டியின் பின்கயிற்றை அவிழ்த்தாள். முதலில் கைக்கு வந்ததே அந்தக் குண்டான்தான். அதற்குள் விளக்கு, உப்பு, மஞ்சள், தீப்பெட்டி.

"எறங்கினதும் வேணுங்கறத கடைசியா ஏத்தினேன்," என்றாள். வண்டிக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுச் சிரித்தார். நேரம் தப்பாமல் பால் பொங்கி வழிந்தது.

இன்று கிடங்கிலும் சின்ன அறையே போதுமாக இருந்தது. எட்டிப் பார்த்த கிடங்குக்காரர் சின்ன அறைக்கே ரசீது எழுதினார். நான் அதே குண்டானுக்குள் விளக்கைப் போட்டு, கதவை ஒட்டிக் கடைசியாக வைத்துவிட்டு, ஷட்டரை இழுத்துப் பூட்டினேன்.