பூஜையில் இருந்த கேமரா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஓசூரில், இரும்புத் தகட்டை அடித்து உதிரிபாகம் செய்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் பதினான்கு வருடமாகத் தரம் பார்க்கிற வேலை. பாகம் சரியாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் அளந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. பேய்க்கதை சொல்ல வந்தவனிடம், கூட்டிக்கொண்டு வா, அதையும் அளந்துவிடலாம் என்று நக்கலடித்தவன் நான். சிரிப்பதாக இருந்தால் கடைசியில் சேர்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் புகைப்படப் பைத்தியம் உண்டு. கல்யாணம், காதுகுத்து எல்லாம் எடுப்பதில்லை, ஓய்ந்து நிற்கிற இயந்திரங்களை மட்டும்தான் எடுப்பேன். ஆலைக்குள் கேமராவை ஆயுத பூஜை ஒரு நாள் மட்டும் விடுவார்கள். வருடம் முழுக்க இரும்பை அறைந்துகொண்டிருக்கிற பிரஸ்கள் அன்றைக்குத்தான் குளித்து, விபூதிப் பட்டை போட்டு, மாலையோடு சும்மா நிற்கும். நாலு வருடத்தில் ஒன்பது நல்ல படம் தேறியது. பார்த்தவர்கள் எல்லாம் இதில் என்ன இருக்கிறது, மெஷின்தானே என்றார்கள். ஒரு இணையக் காட்சிக்கூடம் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. படங்களை என்எஃப்டியாக, அதாவது வீட்டுக்குப் பத்திரம் பதிகிற மாதிரி டிஜிட்டல் படத்துக்கு உரிமை பதிந்து, சேகரிப்பாளர்களுக்கு விற்கிற இடம் அது. பத்துப் படம் வேண்டும், பத்தாவதைக் கேமராவின் மூலக் கோப்போடு சொன்ன நேரத்துக்குள் அனுப்பாவிட்டால் எதுவுமே வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். அந்த நேரம் விஜயதசமி அன்று காலை பத்து மணி. என்னைக் கலைஞன் என்று யாராவது ஒத்துக்கொள்வதற்கு இருந்த ஒரே வாய்ப்பு அதுதான்.

ஆயுத பூஜை காலையில் குளித்துவிட்டு வருகிறேன், கேமரா பூஜையில் உட்கார்ந்திருக்கிறது. என் மனைவி லதா, பக்கத்தில் பேரிகை என்கிற ஊர்க்காரி. தையல் மிஷின், அரிவாள்மனை, ஸ்கூட்டர் சாவி எல்லாவற்றுக்கும் நடுவில் அதை வைத்து, லென்ஸ் மூடியைக் கழற்றி, கண்ணாடி மேலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்திருந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. மூடியை ஏன் எடுத்தாய் என்று கேட்டேன்.

"கண்ண மூடி வெச்சுட்டு யாராச்சும் பூஜ போடுவாங்களா?" என்றாள்.

துடைத்து எடுத்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும், இன்றைக்குத் தொடக்கூடாது என்று குறுக்கே நின்றுவிட்டாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் தள்ளிவிட்டு எடுத்திருப்பேன். ஆனால் அந்தக் கேமராவை, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்து வாங்கித் தந்ததே அவள்தான். கையை இழுத்துக்கொண்டேன்.

ஆலைக்கு வெறுங்கையோடு போனேன். ஏழாம் நம்பர் பிரஸ்ஸுக்கு அதன் ஆபரேட்டர் முனிராஜு பட்டை போட்டுக்கொண்டிருந்தார், வேப்பனப்பள்ளிக்காரர். அந்த பிரஸ்தான் என் பத்தாவது படமாக இருந்திருக்க வேண்டும். பார்க்கவே பொறுக்காமல் வெளியே வந்துவிட்டேன். ஒரு மணிக்கு ஷாப்பைப் பூட்டினார்கள். சாயங்காலம் முழுக்க வீட்டில் அந்தக் கேமராவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து பொரிகடலையை மென்றுகொண்டிருந்தேன். கேமராவின் பேட்டரி ஹாலின் மூலையில் சார்ஜரில் கிடந்தது.

மறுநாள் மறுபூஜை முடிந்து, சந்தனத்தைத் துடைத்து, பேட்டரியைப் போட்டேன். கார்டை நான் காலி செய்து வைத்திருந்தேன், அது எனக்கு நன்றாகத் தெரியும். நம்பினால் நம்புங்கள், அதில் ஒரு படம் இருந்தது.

ஏழாம் நம்பர் பிரஸ்ஸின் முகப்பு, வெகு கிட்டத்தில். மேற்குப் பக்கத்து ஜன்னலிலிருந்து மஞ்சள் வெயில் விழுந்து, மாலை, விபூதி, எண்ணெய்க் கறை எல்லாம் அப்படியே தொடலாம் போல் இருந்தது. நேரம், முந்தைய நாள் மாலை நாலு பதினேழு. அப்போது நான் பொரி தின்றுகொண்டிருந்தேன். சந்தனம் அப்பின லென்ஸில் கலங்கல்கூட விழாது, இதுவோ ஊசி மாதிரித் தெளிவாக இருந்தது. கோப்பில் என் கேமராவின் எண்தான் இருந்தது. செக்யூரிட்டிக்குப் போன் போட்டேன். ஒரு மணிக்கு அப்புறம் பூட்டைத் திறக்கவே இல்லை என்றார்.

நான் எடுக்காத படத்தை எப்படி என் படம் என்று அனுப்புவது? லதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாலு வருசமா நீங்க பாத்ததத்தான் அதுவும் பாத்திருக்குது. அனுப்புங்க."

ஒன்பது நாற்பதுக்கு அனுப்பினேன். அந்த வாரத்துக்குள் பத்தும் விற்றுப்போயின. பத்தாவதை வாங்க மூன்று நாட்டுக்காரர்கள் போட்டி போட்டார்கள், கடைசியில் போர்ச்சுகலில் ஒருவருக்குப் போனது. மெஷின்தானே என்றவர்கள் என் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்தார்கள். ஜெனரல் மேனேஜர் மாலை போட்டு, அந்தப் படத்தைக் கதவு அகலத்துக்குப் பிரிண்ட் போட்டுக் கேண்டீனில் மாட்டவைத்தார். லதா பட்டுப்புடவையில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் நின்றதில்லை, இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு நிமிர்கிறது.

கூட்டம் கலைந்த பிறகும் முனிராஜு மட்டும் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்ன அண்ணா என்று கேட்டேன்.

"சார், இது நான் போட்ட பட்ட இல்ல. நான் போட்டா ரெண்டு கோடுதான் உழும்."

வலது கையைக் காட்டினார். மோதிர விரல் இல்லை. என்றோ ஒரு பழைய கம்பெனியில் பிரஸ்ஸில் போனதாம், அத்தனை வருடம் கூடவே இருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. படத்தில் பளிச்சென்று மூன்று கோடுகள். அவர் மெதுவாகக் கையை அதன் மேல் வைத்தார். முதல் இரண்டும் அவர் விரலுக்கு அச்சாகப் பொருந்தின, மூன்றாவது அந்த இல்லாத விரலின் இடத்தில் இருந்தது.

"என் கைதான் சார்," என்றார்.

இப்போதும் ஷிஃப்டுக்குப் போகும் முன் கேண்டீனுக்கு வந்து படத்தில் கை வைத்துவிட்டுத்தான் போகிறார். விரல்களுக்கு அடியில் இரண்டு கோடுகள் மறைந்துவிடும், மூன்றாவது மட்டும் வெளியே தெரியும். அந்த நேரத்தில் நான் தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.